சம்சுவும் 20 காசும்

1985-இல் மலேசியாவின் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெடுக்கப் போயிருந்தேன். "உங்க வீட்டுல யாராவது சம்சு குடிப்பாங்களா?" என்பது ஒரு கேள்வி. லயத்து வாசலில் பால் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த அக்கா, "அதெல்லாம் இல்ல தம்பி" என்றார். பத்தடி தள்ளித் தோட்டத்துக் கிராணியார் நின்றிருந்தார். அந்த வரிசை முழுக்க அதே பதில்தான். லயத்துக்குப் பின்னால் சாக்கடையோரம் காலிப் போத்தல்கள் கிடந்தன.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் வீட்டு மானம் போகும், வேலையும் போகலாம்.

இதற்கு 1965-லேயே அமெரிக்காவில் ஸ்டான்லி வார்னர் வழி கண்டிருந்தார். பதில் சொல்பவர் ஒரு முள்ளைச் சுழற்றுவார். எதிரெதிரான இரண்டு வாக்கியங்களில் முள் எதைக் காட்டியது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆம், இல்லை மட்டும் காதில் விழும். 1969-இல் கிரீன்பெர்க் குழுவினர் ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகச் சங்கடமில்லாத வேறொரு கேள்வியை வைத்தார்கள். 1988-இல் அரிஜித் சௌத்ரியும் ராகுல் முகர்ஜியும் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள்.

இதன் எளிய வடிவத்துக்கு அன்றைய 20 காசு ஒன்று போதும். மறைவாகச் சுண்ட வேண்டும். நாடாளுமன்றக் கட்டடம் விழுந்தால் "ஆம்" என்றே சொல்ல வேண்டும். எண் விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 100 பேரில் 65 "ஆம்" வந்தால், ஏறக்குறைய 50 நாணயம் சொன்னவை. மிச்சம் 50 பேரில் 15 பேர், அதாவது 30 சதவீதம். யார் அந்த 15 பேர் என்று கிராணியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று என் சட்டைப் பையில் சில்லறை இருந்தது. இந்த வழிதான் தெரியவில்லை.