வீசாக்காலமும் நோய்க்காலமும்: மட்டக்களப்பு வாவிக் கரைகளிலிருந்து ஒரு கணக்கு

பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தற்காலிக வீசாவில் செல்வோரிடம் 2015 ஏப்ரல் முதல் குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் அறவிடப்படுகிறது. ஆண்டுக்கு 200 பவுண் என்று தொடங்கியது. 2019இல் 400, 2020இல் 624, 2024 பெப்ரவரியில் 1,035 என ஏறியது. மாணவருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் 776. வீசாக் காலம் முழுவதற்குமான தொகையை விண்ணப்பத்துடனேயே கட்டிவிட வேண்டும். ஐந்தாண்டு வேலை வீசா என்றால், வேலையின் முதற் சம்பளம் கைக்கு வருமுன்பே 5,175 பவுண். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்த பின் இந்தத் தொகையைப் புரட்டக் காணி ஈடுவைக்க வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

சேவையைப் பெறுபவர் அதன் செலவில் நியாயமான பங்கைத் தர வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த நியாயத்தை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். ஒருவரின் சுகாதாரச் செலவு அவர் பிறந்த நாளில் தொடங்கி முதுமைவரை நீள்கிறது. கட்டணமோ நடுவிலுள்ள சில ஆண்டுகளை, அதுவும் பெரும்பாலும் உடல் திடமாயிருக்கும் ஆண்டுகளை மட்டும் எடுத்துக் கணக்கிடுகிறது. முன்னும் பின்னும் உள்ள செலவு, அவரை அனுப்பிய மட்டக்களப்பு போன்ற ஊர்களின் தலையில் விழுகிறது.

வளைகுடாவிலும் கணக்கு இதுவே. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாக அங்கே போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மருத்துவ மாது வீட்டுக்கு வந்து பதிந்திருப்பார். தடுப்பூசி, பாடசாலைப் பற்சிகிச்சை, காய்ச்சலுக்குப் பிரதேச வைத்தியசாலை, கடும் நோய்க்கு வாவியைக் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை: எதற்கும் அவர் வீட்டார் கட்டணம் செலுத்தவில்லை. அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டதன் பயன் இது. இடையில் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டுப் பார்த்தார்கள், வருகை குறைந்தது, 1977இல் கைவிட்டார்கள். சிறு தொகையும் நோயாளியை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதற்கு நம் நாட்டு அனுபவமே சான்று.

இப்படி வளர்ந்த உடலை வளைகுடா நாடுகள் ‘மெடிக்கல்’ எடுத்துத்தான் ஏற்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. தேறாதவர் ‘அன்பிட்’, அவர் வீட்டில் இருந்துவிட வேண்டியதுதான். போன பின்னும் வதிவிட அனுமதிக்காக மறுபரிசோதனை உண்டு. காசநோய் போன்றது தென்பட்டால் திருப்பி அனுப்பப்படுவதே வழமை. ஆக, நோயற்றவர் மட்டும் உள்ளே வருகிறார், நோயுற்றவர் வெளியேற்றப்படுகிறார். எந்தக் காப்புறுதி நிறுவனமும் கனவு காணும் வாடிக்கையாளர் கூட்டம் இது. இக்கூட்டத்தைப் பொதுச் சேவைக்குப் பாரம் என்று சொல்லி மேலதிகக் கட்டணம் விதிப்பதுதான் விந்தை. 2017 ஒக்டோபரில் அரச வைத்தியசாலைகளில் வெளிநாட்டவருக்கான கட்டணங்களைக் குவைத் உயர்த்தியது. 2022 டிசம்பரில் மருந்துக்கென்று தனியாக, கிளினிக்கில் 5 தினாரும் விசேட வெளிநோயாளர் பிரிவில் 10 தினாரும் சேர்த்தது. சவூதி அரேபியா 2024 ஜூலையில் வீட்டுப் பணியாளருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஒரு எஜமானரிடம் நால்வருக்கு மேல் இருந்தால்தான். ஒரு வீட்டில் தனியாக வேலைசெய்யும் ஏறாவூர்ப் பெண்ணுக்கும் கொக்கட்டிச்சோலைப் பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தால் ஆவதொன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் கூட்டிப்போவதா, பனடோலோடு விடுவதா என்பது வீட்டு ‘மேடம்’ எடுக்கும் முடிவு.

பிரித்தானியக் கட்டணம் வெறும் செலவுக் கணக்கு என்று நம்புவோர் 2020 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். பெருந்தொற்றின் நடுவே, சுகாதார, பராமரிப்பு ஊழியரிடமும் இதை அறவிடுவது சரியா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. முதலில் கட்டணத்தை நியாயப்படுத்திய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் அடுத்த நாளே அவர்களுக்கு விலக்களித்தார். வரியும் தேசிய காப்புறுதியும் கட்டுபவர் மீண்டும் ஒருமுறை கட்டுவது அநீதி என்பது அன்று எழுந்த வாதங்களுள் ஒன்று. அது சரியென்றால் களஞ்சியத்தில் வேலைசெய்பவருக்கும் சமையற்காரருக்கும் அதுவே சரி. அவர்களும் வரி கட்டுகிறார்கள். விலக்கை முடிவுசெய்தது நியாயம் அல்ல, பிரித்தானியாவின் தேவைதான். இன்னொரு முரணும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் பயின்ற வைத்தியர் பிரித்தானியாவுக்குப் போனால் அவருக்குக் கட்டணமில்லை. அவரை உருவாக்கிய செலவுக்காக மட்டக்களப்புக்கு எவரும் ஒரு சதமும் தருவதில்லை.

வெளிநாட்டுப் பணம் வருகிறதே என்ற மறுப்பை எளிதில் தள்ள முடியாது. வாவியின் இரு கரையிலும் கல்வீடுகள் எழுந்ததில் அப்பணத்துக்குப் பங்குண்டு; பெறுமதிசேர் வரியாக ஒரு பகுதி திறைசேரியையும் சேர்கிறது. ஆனால் அது உழைத்தவரின் கூலி. உழைப்பைப் பெற்ற நாடு சுகாதாரத் துறைக்குச் செலுத்திய ஈடாக அதைக் காட்டுவது, கூலியையே இருமுறை கணக்கில் வைப்பதாகும்.

இலங்கை 1996இல் இணைந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, அவசர சிகிச்சையில் குடிமக்களோடு சமத்துவம் கோருகிறது. பிரித்தானியாவும் வளைகுடா நாடுகளும் அதில் இணையவில்லை. 2013இல் வெளியான இலங்கையின் தேசிய குடிபெயர்வுச் சுகாதாரக் கொள்கை, போவோரையும் திரும்புவோரையும் ஊரில் விட்டுச்செல்லப்படும் குடும்பத்தையும் கருத்திற் கொள்கிறது. நல்ல ஆவணம்தான், எனினும் மறுதரப்பைக் கட்டுப்படுத்தும் பலம் உள்நாட்டுக் கொள்கைக்கு இல்லை. ஆகவே பேச வேண்டிய இடம் இருதரப்புத் தொழிலாளர் ஒப்பந்தம். அறவிட்ட கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பி வருபவரின் மாவட்டச் சுகாதார சேவைக்கு வர வேண்டும் என்று கேட்கலாம், உடனே கிடைக்காது. செலவே இல்லாத ஒன்றை முதலில் கேட்கலாம்: நோயின் பேரில் திருப்பி அனுப்பப்படுபவரின் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் அவரோடு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவருக்கு மட்டக்களப்பு மார்பு நோய் கிளினிக் பரிசோதனைகளை முதலிலிருந்து செய்கிறது, இலவசமாக.