சுந்தர்கரின் ஹாக்கிப் பயிற்சி மரபு: கிடாய்ப் போட்டியிலிருந்து செயற்கைத் தரை வரை

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்த ஜெய்பால் சிங் முண்டா பின்கள வீரர். 1972 மியூனிக்கில் வெண்கலமும் 1975இல் உலகக் கோப்பையும் வென்ற அணிகளில் ஆடிய மைக்கேல் கிண்டோவும் பின்களத்தவரே. 400க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் ஆடிய திலிப் திர்க்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய பீரேந்திர லக்ரா, அமித் ரோஹிதாஸ், மகளிர் அணியின் தீப் கிரேஸ் எக்கா ஆகியோரும் தடுப்பாட்டத்தில் பெயர் பெற்றவர்கள். இவர்கள் அனைவரும் இன்றைய ஜார்க்கண்டின் குந்தி, சிம்டேகா மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தையும் உள்ளடக்கிய ஒரே வட்டாரத்தின் பிள்ளைகள். ஏறத்தாழ நூறாண்டாகத் தொடரும் இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடிய தரையும் பயிற்சி கிடைத்த வயதும் சேர்ந்து இதை உருவாக்கின என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்த கிறித்தவ மறைப்பணியாளர்களின் பள்ளிகள் வழியே ஹாக்கி இங்கே பரவியது. முண்டா, காரியா, ஓராவோன் மக்கள் அதைத் தங்கள் ஊர் ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். காட்டு மரத்திலோ மூங்கிலிலோ மட்டை செய்து, அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடினார்கள். வெற்றி பெறும் ஊருக்கு ஆட்டுக்கிடாய் பரிசாகக் கிடைக்கும் ‘கஸ்ஸி’ போட்டிகள் இன்றும் நடக்கின்றன. கிடாயை அறுத்து ஊரே விருந்துண்ணும். பயிற்சியாளர் எவரும் இல்லாத காலத்தில் திறமையைக் கண்டெடுக்கும் வேலையை இந்தப் போட்டிகளே செய்தன.

மேடுபள்ளமான தரையில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. அதைக் கணித்து நிறுத்தவும், உடலைத் தாழ்த்தி எதிராளியின் மட்டையிலிருந்து பறிக்கவும், ஓங்கி அடித்து அனுப்பவும் அங்கே ஆடும் சிறுவன் தானாகவே கற்றுக்கொள்கிறான். தடுப்பாட்டத்திற்கு வேண்டியவை இவைதாம். ஓடும் வேகத்திலேயே பந்தை வாங்கித் திசைமாற்றி வலைக்குள் தள்ளும் முன்கள நுட்பத்துக்கோ பந்து சீராக உருளும் தளம் வேண்டும்.

1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் செயற்கைத் தரையில் நடந்தபோது இந்த வேறுபாடு பெரும் பிளவாகிவிட்டது. இந்தியா முழுவதுமே அதில் அடிபட்டது என்றாலும், பழங்குடிக் கிராமங்களுக்கு அது இரட்டை அடி. ஆட்டம் ஊரில் இருந்தது. அது இனி ஆடப்படவிருந்த தரை ஊரில் இல்லை.

இந்த இடைவெளியை முதலில் குறைத்தது ரூர்கேலாவின் பான்போஷில் 1985இல் தொடங்கப்பட்ட அரசு விளையாட்டு விடுதி. உணவு, உறைவிடம், பள்ளிப்படிப்பு, முறையான பயிற்சி ஆகிய நான்கையும் வீட்டிலிருந்து எட்டும் தொலைவில் அது தந்தது. சிறுவர்கள் ஊரைவிட்டுத் தொலைதூரப் பெருநகரத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. விடுமுறையில் திரும்பி வந்து ஊர்ப் போட்டியில் ஆடவும் முடிந்தது. அவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறையும் மட்டை பிடித்தது. சவுனாமாரா என்ற ஒரே சிற்றூரிலிருந்து முதலில் திலிப் திர்க்கியும் பின்னர் அமித் ரோஹிதாஸும் பான்போஷ் வழியாகத்தான் இந்திய அணிக்கு வந்தார்கள். பயிற்சி அருகில் இருந்ததே இந்த விடுதியின் தலையாய சாதனை என்பேன். லாசரஸ் பர்லாவும் ஜோதி சுனிதா குல்லுவும் இங்கே வளர்ந்தவர்களே. 2002 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற அணியில் முன்களத்தில் ஆடிய குல்லு, நான் சொல்லும் போக்குக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு.

ஆனால் விடுதிக்குள் நுழையும்போது பிள்ளைகள் பத்து வயதைக் கடந்திருந்தார்கள். ஆட்டத்தின் அடிப்படைப் பழக்கங்கள் அதற்குள் ஊறிவிட்டிருந்தன. பயிற்சி அவர்களிடம் ஏற்கெனவே இருந்த தடுப்பாற்றலைத்தான் கூர்மையாக்கியது. டோக்கியோவில் பெனால்டி கார்னர்தோறும் கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி முதலில் பாய்ந்தவர் ரோஹிதாஸ். அந்தத் துணிச்சல் விடுதிக்கும் முந்தியது; எந்த நொடியில், எந்தக் கோணத்தில் பாய்வது என்பது பயிற்சி தந்தது.

2019இல் புவனேஸ்வரில் நவல் டாடா உயர்திறன் மையம் தொடங்கப்பட்டது. சுந்தர்கரின் 17 ஒன்றியங்களிலும் செயற்கைத் தரை அமைக்க ஒடிசா அரசு திட்டமிட்டது. 2023 ஜனவரியில் 20,000க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ரூர்கேலாவில் பிர்சா முண்டா அரங்கம் திறக்கப்பட்டு, உலகக் கோப்பை ஆட்டங்களும் நடந்தன. பெருமைக்குரிய அரங்கம்தான். ஆயினும் இளம் வீரர்களுக்கு ஒன்றியத் தரைகளே முக்கியம் என்று உறுதியாகக் கருதுகிறேன். எட்டு வயதுச் சிறுமி பள்ளி முடிந்து நடந்தே போய் ஆடக்கூடிய தரை அது. அதற்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும், அன்றாடம் வரும் பயிற்சியாளர் வேண்டும், தேய்ந்தால் மாற்ற நிதி வேண்டும். இவை கிடைத்தால், இன்னும் பத்தாண்டுகளில் இவ்வட்டாரத்திலிருந்து இந்திய அணிக்கு வருவோரில் எத்தனை பேர் முன்களத்தில் ஆடுகிறார்கள் என்று பார்த்தே இக்கருத்தைச் சோதித்துவிடலாம்.