பேறுகால அறையின் வாசலில்

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம் எகிப்தை ஆண்ட மன்னனின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால், எபிரேயப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியர் இருவரின் பெயர்களை, சிப்ரா, பூவா என்று தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. அரசாணைக்கு அஞ்சாது குழந்தைகளைக் காத்த அவ்விருவரை விவிலியம் மறக்கவில்லை. அந்நூலைப் பீடத்தருகே நின்று வாசித்து வந்த திருச்சபையோ, தன் அருட்சகோதரியரைப் பேறுகால அறையின் வாசலிலேயே நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்தது. சகோதரியர் நடத்தும் மகளிர் நல மையங்களில் கருவுற்ற தாய்மார்க்குப் பயிலரங்குகளும், மனம் நொந்த பெண்களை ஆற்றுப்படுத்தும் பணியும் நடைபெறுவதை இன்று இயல்பாகக் காண்கிறோம். 1936ஆம் ஆண்டு வரை அந்த வாசலில் ஒரு பூட்டுத் தொங்கியது என்பதை நம்முள் பலர் அறியார்.

அப்பூட்டின் வரலாறு பழையது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருப்பட்டம் பெற்றோர் கத்தியும் நெருப்பும் கொண்டு செய்யும் அறுவை மருத்துவத்தில் ஈடுபடலாகாது எனத் தடுத்தது. 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, திருப்பீடத்தின் தனி இசைவின்றிக் குருக்கள் மருத்துவத் தொழில் புரியலாகாது என்று விதித்து, அவ்விதியைத் துறவியர்க்கும் பொருத்தியது. கன்னிமை வார்த்தைப்பாடு அளித்தவர்கள் பிரசவம் பார்ப்பது தகாது என்ற எண்ணமும் உரோமையின் நடைமுறையில் வேரூன்றியிருந்தது. சட்டம் வகுத்தோரின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. அழைத்தலைக் காக்க வேண்டும் என்பதே அவர்களது கவலை. ஆயினும், ஒருவருடைய அழைத்தலைக் காக்க எழுப்பிய வேலிக்கான விலையை வேறொருவர் தம் உயிரால் செலுத்தினார் என்றால், அதை வரலாறு எழுதுவோன் சொல்லாமல் விடலாகாது.

விலை செலுத்தியவர்கள் நம் நாட்டுத் தாய்மார்களே. ஆடவர் முகம் காணாத கோஷா முறையும், சாதிக் கட்டுப்பாடும், ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விடாத வழக்கமும் சேர்ந்து, பேறுகாலத்தில் துன்புற்ற பெண்ணுக்கு உதவியே இல்லாமல் செய்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், 1885இல் அந்நகரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. மக்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பெண் மருத்துவர் வேண்டுமெனக் கதவைத் தட்டியதையும், மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் மறுத்ததையும், விடிவதற்குள் மூன்று இளந்தாய்மாரும் இறந்ததையும் கண்ட ஐடா ஸ்கடர், 1900இல் மருத்துவராகத் திரும்பி வேலூரில் பணி தொடங்கிய வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். நம் பிரிந்த சகோதரர்கள் இத்துறையில் நம்மை முந்திச் சென்றனர். இதைச் சொல்வதில் நமக்கு வெட்கம் வேண்டாம், நன்றி போதும்.

கத்தோலிக்கர் பக்கத்தில் முதலில் அந்தப் பூட்டை அசைத்துப் பார்த்தவர் ஒரு பொதுநிலைப் பெண்மணி. ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் 1837இல் பிறந்த ஆக்னஸ் மக்லாரன், பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தவர். தம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்தமையால் பிரான்சில் மொம்பெலியே சென்று படித்து, 1878இல் பட்டம் பெற்றார். அறுபது வயதைக் கடந்த பின்னர், 1898இல், கத்தோலிக்கரானார். ராவல்பிண்டியில் மறைப்பணியாற்றிய மில் ஹில் சபைக் குரு ஒருவர் வழியாக அங்குள்ள பெண்களின் நிலையை அறிந்து, இலண்டனில் குழு அமைத்துப் பொருள் திரட்டினார். 1909இல் அந்நகரில் புனித கத்தரீன் மருத்துவமனை எழுந்தது. எழுபது வயது கடந்த நிலையில் அவரே கடல் கடந்து வந்து அதைப் பார்த்துச் சென்றார்.

மருத்துவமனை எழுந்தது, ஆனால் மருத்துவர் எங்கே? ஐரோப்பியப் பெண் மருத்துவர்கள் வருவார்கள், சில ஆண்டுகளில் திரும்புவார்கள். நிலைத்து நிற்கக்கூடியவர்கள் சகோதரியர் மட்டுமே. அவர்களுக்கோ தடை. ஆகவே, அந்த முதிய பெண்மணி தடையை நீக்கும்படி உரோமைக்குப் பலமுறை பயணம் செய்து விண்ணப்பித்தார். எதிர்த்துப் பேசாமலும், சோர்ந்து போகாமலும், அவர் மீண்டும் மீண்டும் சென்றார். விடை காணாமலேயே 1913இல் இறந்தார்.

அவர் விதைத்தது இரு இடங்களில் முளைத்தது. ஆஸ்திரியாவின் திரோல் பகுதியைச் சேர்ந்த அன்னா டெங்கல் என்ற இளம்பெண், மக்லாரனோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர் அறிவுரைப்படி அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று 1919இல் பட்டம் பெற்றார். 1920இல் ராவல்பிண்டி சேர்ந்தார். சில ஆண்டுகள் தனியொருவராக உழைத்துக் களைத்த பின், தனி மருத்துவரால் ஆகாது, ஒரு சபையே வேண்டும் எனத் தெளிந்து, 1925இல் வாஷிங்டனில் மருத்துவ மறைப்பணிச் சகோதரியர் சபையை நால்வராகத் தொடங்கினார். சட்டத்தின் காரணமாக அவர்களால் பொது வார்த்தைப்பாடு கொடுக்க இயலவில்லை. துறவியராக வாழ்ந்தனர், துறவியர் என்ற பெயரின்றிக் காத்திருந்தனர்.

மற்றொருவர் ஆஸ்திரேலியாவின் மேரி குளோரி. மெல்பர்னில் மருத்துவராகப் புகழ்பெற்றிருந்த அவர், 1915இல் மக்லாரனைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டைப் படித்தார். அதன்பின் அவர் உள்ளம் இந்தியாவை விட்டு அகலவில்லை. இடையில், அந்நகரில் தோன்றிய கத்தோலிக்க மகளிர் சமூக அமைப்புக்கு முதல் பொதுத் தலைவியாக 1916இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொதுநிலைப் பெண்களைக் கூட்டி, உடல்நலம், தாய்மை, சமூகக் கடமை ஆகியவை பற்றிப் பேசவும் எழுதவும் வைத்த அமைப்பு அது. இன்று நாம் பயிலரங்கு என்று பெயரிட்டுச் செய்வதன் மூத்த வடிவத்தை அங்கே காணலாம். மகப்பேறு, பெண் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் 1919இல் உயர்பட்டம் பெற்று, 1920இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரை அடைந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அளித்த தனி இசைவினால், துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றும் பேறு அவருக்குக் கிட்டியது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இசைவு தர முடிந்தது என்றால், அது இறைச் சட்டமன்று, மாற்றத்தக்க மனிதச் சட்டமே என்பது 1920இலேயே உரோமைக்குத் தெரிந்திருந்தது. எனினும் மற்றவர்க்கு வழி திறக்க மேலும் 16 ஆண்டுகள் சென்றன. அப்பதினாறு ஆண்டுகளில் எத்தனை கிராமங்களில் எத்தனை தாய்மார்கள் என்று எண்ணிச் சொல்ல எவரிடமும் கணக்கில்லை.

குண்டூரில் குளோரி அம்மையார் மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே மருந்து கலக்கவும், நோயாளரைப் பேணவும், பேறுகாலம் பார்க்கவும் கற்றுக் கொடுத்தார். நம் நாட்டு மருத்துவ முறைகளையும் மூலிகைகளையும் ஆர்வத்தோடு ஆராய்ந்தார். மெல்பர்ன் பட்டத்தோடு வந்தவர் தம் அறிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாததுதான் அவரது பணியின் நுட்பம் என்று நான் கருதுகிறேன். மருத்துவர் ஒருவர் ஓர் ஊருக்கு ஒருமுறை வருவார். கற்ற பெண் அவ்வூரிலேயே இருப்பாள்.

1936 பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, மறைபரப்புப் பேராயம் ‘கோன்ஸ்தான்ஸ் ஆக் செதுலா’ என்னும் அறிவுறுத்தலை வெளியிட்டது. மறைப்பணி நாடுகளில் சகோதரியர் மகப்பேற்று மருத்துவம் பயிலலாம், தகுந்த சான்றிதழ் பெற்றுப் பணியாற்றலாம் என்று அது கூறியது. தாய் சேய் நலனுக்கென்றே புதிய சபைகள் எழுவதையும் வரவேற்றது. டெங்கலின் சபை முழுமையான துறவற சபையாக வளர வழி பிறந்தது. உரோமை நெடுங்காலம் காக்க வைத்த அந்த அன்னை 1980இல் உரோமையிலேயே இறந்து, தூய பேதுரு பேராலயத்தை அடுத்துள்ள ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

குளோரி அம்மையார் 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைத்து ஒரு சங்கம் கண்டார். அதுவே இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலச் சங்கம். 1957இல் பெங்களூரில் இறந்த அவர், 2013இல் இறை ஊழியராக அறிவிக்கப்பட்டார். ‘மருத்துவமனை’ என்ற சொல் போய் ‘நலம்’ என்ற சொல் அச்சங்கத்தின் பெயரில் வந்தது வெறும் பெயர் மாற்றம் அன்று. 1978இல் அல்மா அட்டா மாநாடு அடிப்படை நலப்பணியை வலியுறுத்திய காலத்தில், கட்டடங்களை விட்டுக் கிராமத் திண்ணைகளுக்குச் சகோதரியர் பலர் இறங்கினர். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தரச் சென்றவர்கள், அப்பெண் வீட்டில் கடைசியாக உண்பவள் என்பதைக் கண்டனர். மருந்துச் சீட்டில் எழுத இயலாத நோய்கள் அங்கே வெளிவந்தன: குழந்தையில்லாமைக்குத் தன்னையே பழிக்கும் ஊர், மூன்றாவதும் பெண் என்ற ஏச்சு, கணவனின் குடி, கருவிலேயே இழந்த குழந்தைக்காக அழ இடமில்லாத துயரம். ஆற்றுப்படுத்துதல் என்ற பணி இவற்றிலிருந்துதான் பிறந்தது.

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டதுமே குணமடைந்துவிடுகிறாள். அத்துடன் அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் நின்று, திரும்பிப் பார்த்து, நடந்தது முழுவதையும் அவள் சொல்லும் வரை காத்திருக்கிறார். யாயிரின் மகள் சாகக் கிடக்கும் அவசரத்திலும் காத்திருக்கிறார்.

நம் பங்குகளில் இப்பயிலரங்குகளுக்குப் பூசையில் அறிவிப்புச் செய்கிறோம், பெண்கள் வருகின்றனர், ஆண்கள் வருவதில்லை. தாய்மார் நலம் பெண்களின் காரியம் என்று நம் கணவன்மார் எண்ணுவது, பழைய பூட்டின் மற்றொரு சாவியற்ற வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வருகிற பெண்களும் கூட்டத்தில் கேள்வி கேட்பதில்லை. சகோதரி பேசி முடித்து, தேநீர் கொடுத்து, பாய்களைச் சுருட்டும் வேளையில் ஒருத்தி உதவி செய்வதுபோல் பின்தங்குவாள். அவள் பேசத் தொடங்கும்போது வெளியே வண்டி காத்திருக்கும். அனுபவமிக்க சகோதரியர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மீண்டும் பாயை விரிப்பார்கள்.