அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்

அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ் 1998 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமாகும். டோனி கேய் இயக்கிய இத்திரைப்படத்தில் எட்வர்ட் நோர்ட்டன், எட்வர்ட் ஃபர்லாங் ஆகியோர் சகோதரர்களாக நடித்துள்ளனர்.

கதை

தீயணைப்பு வீரரான தந்தை சுட்டுக் கொல்லப்பட்டபின் டெரெக் லாஸ் ஏஞ்சலசில் நாசிக் கொள்கையுடைய கும்பலொன்றில் முன்னிற்கின்றான். தனது வாகனத்தைத் திருட வந்த கறுப்பினத்தவர் இருவரைக் கொன்று சிறை செல்கின்றான். அங்கு சலவைக்கூடத்தில் உடன் வேலை செய்யும் கறுப்பினக் கைதியின் நட்பு அவனை மாற்றுகின்றது. மூன்றாண்டுகளின் பின் வீடு திரும்புபவன், அதே கும்பலில் சேர்ந்துவிட்ட தம்பி டானியை மீட்கின்றான். எனினும் மறுநாளே டானி பள்ளியில் கறுப்பின மாணவனொருவனால் சுட்டுக் கொல்லப்படுகின்றான்.

கடந்தகாலக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் அமைந்துள்ளன. இவற்றுள் தந்தை உணவு மேசையில் உரையாடும் காட்சி முக்கியமானது. கறுப்பின ஆசிரியரைப் புகழும் மகனிடம் அவர் அமைதியாகவே வெறுப்பை விதைக்கின்றார். டெரெக்கின் வெறி தந்தையின் மரணத்தில் தொடங்கியதன்று என்பது இங்குதான் புலப்படுகின்றது.

நோர்ட்டன் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதிற்குப் பரிந்துரைக்கப்பட்டார். இறுதித் தொகுப்பை ஏற்காத கேய், தன் பெயரை நீக்கக் கோரியும் அது நிறைவேறவில்லை.