கைபேசியைப் பிடுங்குவது தீர்வல்ல

ஆட்டிசம் உள்ள என் மகன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் கைபேசியைப் பிடுங்கினேன். சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். அதை அடம் என்று எண்ணியது என் பிழை.

மாறாத விதிகள், உடனடிப் பரிசு: வெளியுலகில் அரிதான இவ்விரண்டும் விளையாட்டில் கிடைக்கின்றன. ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகள் பலர் அதில் ஆழ்ந்துவிட இதுவும் ஒரு காரணம். கட்டுப்பாட்டை இழத்தல், பிறவற்றைப் புறக்கணித்தல், பாதிப்பு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால், அதை நோயாகவே வகைப்படுத்துகிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் படங்களாலான கால அட்டவணை உள்ளது. 10 நிமிடங்களுக்கு முன்பே அவனிடம் சொல்கிறோம். ஆடும் சுற்று முடியக் காத்திருக்கிறோம். அடுத்து, அவனுக்குப் பிடித்த ஊஞ்சல். இதுவும் போதாதபோது பெற்றோர் மனநல மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.