தோம்பில் வராத வீடுகள்

இண்டைக்கு ஒரு பழைய சொல்லில இருந்து தொடங்குவம்: தோம்பு. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கின, வித்த ஆக்களின் வாயில் வந்துபோகிற சொல் இது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், எந்தக் காணி யாருடையது, அதற்கு என்ன வரி என்று எழுதிவைத்த பதிவேடுதான் தோம்பு. 1658இல் வந்த ஒல்லாந்தரும் அதைத் தொடர்ந்தார்கள். வரி வாங்குகிறவனுக்கு ஆளும் காணியும் தெரிந்தால் போதும். கிணறு எந்தப் பக்கம், மாமரம் எந்த மூலையில் எண்ட கதை அவனுக்குத் தேவையில்லை.

இதே சொல்லை யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு புத்தகத்துக்கு வைத்தார். 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முடிவுறாத தோம்பு. பார்க்க ஒரு கந்தோர்க் கோப்பு மாதிரி. போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறித் தரச் சொல்லிக் கேட்டார். அவர்கள் கீறிய படம், அதை வைத்துக் கட்டடக் கலைஞர் நேராக்கிக் கீறிய படம், அந்தக் கதையைக் கேட்டு சனாதனன் தீட்டிய ஓவியம். இப்படி 80 வீடுகள்.

இதை வெறும் ஞாபக விளையாட்டு எண்டு நினைச்சிடாதேங்கோ. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் இரவோடு இரவாகப் புறப்பட்டது. காணி உறுதியைத் தேடி எடுக்க எத்தனை பேருக்கு நேரம் கிடைத்திருக்கும்? 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் உரிமை கேட்கலாம். ஊரிலேயே இல்லாதவர் எப்படித் தடுப்பார்? போர்க்காலத்தில் உரிமையைக் காக்க முடியாமல் போனவர்களுக்கு அந்த வருடங்களைக் கணக்கில் இருந்து கழிக்க வழிசெய்த சட்டம் 2016இல்தான் வந்தது.

சனாதனனின் கோப்பை எந்த நீதிமன்றமும் உறுதியாக ஏற்காது. எண்டாலும் உறுதியால் செய்ய முடியாத ஒன்றை அது செய்கிறது. உறுதியில் சொந்தக்காரரின் பெயர் மட்டும் இருக்கும். வாடகைக்கு இருந்த குடும்பம், அங்கே வளர்ந்த பிள்ளைகள், மாமியார் வீட்டில் காலம் கழித்த மருமகன், இவர்கள் பெயர் அதில் வராது. ஆனால் இருட்டில் விளக்கில்லாமல் அந்த வீட்டுக்குள் நடக்க அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு உரித்துத்தான் எண்டு நான் நினைக்கிறன்.

உங்கட வீட்டிலயும் வயசு போன ஆக்கள் இருப்பினம். ஒரு கொப்பியும் பென்சிலும் குடுங்கோ. கிணத்தடியில இருந்து கீறச் சொல்லுங்கோ. மிச்சக் கதை தானா வரும்.