பந்தைத் தொடாதவர்களின் ஆசான்

அமெரிக்கர் காற்பந்து என்று சொல்லும் ஆட்டம் பிற நாட்டார் அறிந்த காற்பந்து அன்று. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும்; இயலாவிடில் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். பந்தை வைத்திருக்கும் அணியில் ஐவர் முன்வரிசையில் நெருங்கி நிற்பர். நடுவில் நிற்பவர் பந்தைக் குனிந்து எடுத்துப் பின்னால் இருப்பவரிடம் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வருக்கு அந்தப் பேறும் இல்லை. எதிரே பாய்ந்து வருபவனை மறித்துத் தள்ளி, பின்னால் வருபவனுக்கு வழி உண்டாக்குவதே அவர்களுடைய தொழில். யார் எத்தனை கஜம் ஓடினார், யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்ற கணக்குகளில் அவர்களுக்கு இடமில்லை. தவறு செய்து நடுவர் தண்டம் விதிக்கும்போது மட்டும் அவர்களுடைய எண் அரங்கமெங்கும் ஒலிக்கும்!

இத்தகைய ஐவரைப் பயிற்றுவிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஜோ பியூகல். 1940-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்து, அதன் அருகிலுள்ள மன்ஹால் என்னும் ஊரில் வளர்ந்தவர். மன்ஹால் எஃகு ஆலைகளின் ஊர். 1892-இல் தொழிலாளர்க்கும் ஆலை நிருவாகத்தார்க்கும் இடையே குருதி சிந்திய ஹோம்ஸ்டெட் போராட்டம் நிகழ்ந்த ஆலை அங்கேதான் இருந்தது. உடலுழைப்பே பெருமை என்று கருதும் அத்தகைய மண்ணில் முன்வரிசை ஆட்டக்காரர்மீது ஒருவருக்குப் பற்று உண்டானதில் வியப்பில்லை.

மேற்குக் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஆடிய அவர், 1964-இல் அங்கேயே உதவிப் பயிற்றுநரானார். பின்னர்க் கடற்படைக் கல்லூரி, அயோவா, ஒஹாயோ எனப் பத்தாண்டு கல்லூரி அணிகளோடு கழிந்தது. 1975-இல் டெட்ராய்ட் நகரின் தொழில்முறை அணியிற் சேர்ந்தார். 1977-இல் ஹியூஸ்டனுக்குச் சென்றார். அங்கே 1978-இல் வந்து சேர்ந்த ஏர்ல் கேம்பல் என்னும் இளைஞர் தொடர்ந்து மூன்று பருவங்கள் நாட்டிலேயே மிகுதியான கஜங்கள் ஓடினார். 1980-ஆம் பருவத்தில் மட்டும் 1,934 கஜம். கேம்பலின் புகழ் நாடெங்கும் பரவியது. அவருக்கு வழி திறந்து விட்டவர்களையும் அவர்களைப் பழக்கிய பயிற்றுநரையும் துறையறிந்தோர் மட்டுமே கவனித்தனர்.

கவனித்தவர்களுள் ஒருவர் ஜோ கிப்ஸ். 1981-இல் வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்றுநரான அவர் பியூகலை அழைத்துக்கொண்டார். தொடக்கம் பேரிடியாக இருந்தது. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி! ஆயினும் மீதியிருந்த பதினொன்றில் எட்டை வென்று பருவத்தைச் சமனாக முடித்தனர். அந்த மாற்றத்தின் அடியில் இருந்தது முன்வரிசை.

அந்த வரிசையில் நின்றவர்கள் யாவர் என்று பார்த்தால் பியூகலின் திறம் விளங்கும். மார்க் மே ஒருவரே தேர்வின் முதற்சுற்றில் எடுக்கப்பட்டவர். ரஸ் கிரிம் கல்லூரியில் நடுவில் நின்றவர். அவரைப் பக்கத்து இடத்திற்கு மாற்றினர். ஜெஃப் பாஸ்டிக் உருவிற் சிறியவர் என்பதால் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா அணி சேர்த்துப் பார்த்துக் கைவிட்டது. ஜோ ஜேக்கபியும் தேர்வில் விடுபட்டவரே. ஆறடி ஏழங்குல உயரமுள்ள அவரைத் தற்காப்பு ஆட்டக்காரர் என்று தவறாக எண்ணியே கிப்ஸ் ஒப்பந்தம் செய்தார் என்று சொல்வதுண்டு. ஜார்ஜ் ஸ்டார்க்கோ முப்பது வயதைக் கடந்தவர். பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கொண்டு வீடு கட்டும் கொத்தனைப் போலப் பியூகல் இவர்களை இணைத்தார்.

1982-ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமில்தான் அந்தப் பெயர் பிறந்தது. தள்ளுபொறியை மோதித் தள்ளும் பயிற்சிக்குக் கிரிமையும் பாஸ்டிக்கையும் அனுப்பும்போது, பருத்த உடலும் சேறு படிந்த உடையுமாக நின்றவர்களைப் பியூகல் "பன்றிகளே!" என்று விளித்தார். வேறு இடமாயின் வசையாகப் போயிருக்க வேண்டிய சொல். அவர்களோ அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டனர். பெயரில்லாதவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது! நாளேடுகள் அதைப் பரப்பின. பன்றி மூக்கு அணிந்த இரசிகர்கள் அரங்கில் திரண்டனர். பந்தேந்தி ஓடும் ஜான் ரிக்கின்ஸ் தாமும் அக்குழுவைச் சேர்ந்தவராகவே கருதப்பட விரும்பினார். ஆசிரியரின் வாயிலிருந்து வரும் ஒரு சொல் இழிவாவதும் உரிமையாவதும் அவருக்கும் மாணவருக்கும் இடையே முன்னரே அமைந்துவிட்ட உறவைப் பொறுத்தது.

1983 ஜனவரி 30-ஆம் நாள் கலிபோர்னியாவின் பசடினா நகரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பௌல் ஆட்டம். எதிரணி மயாமி. கடைசிக் கால் பகுதியில் வாஷிங்டன் 13-க்கு 17 என்று பின்தங்கி இருந்தது. நான்காம் முயற்சி; இன்னும் ஏறத்தாழ ஒரு கஜம் வேண்டும். அத்தகைய நிலையில் பந்தை உதைத்துத் தொலைவில் அனுப்பிவிடுவதே வழக்கம். கிப்ஸ் முன்வரிசையை நம்பினார். இடப்பக்கத்தில் வழி பிறந்தது. ரிக்கின்ஸ் தம்மைப் பற்ற வந்த ஒருவரை உதறிவிட்டு 43 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். முடிவில் 27-க்கு 17 என வாஷிங்டன் வென்றது. ரிக்கின்ஸ் அன்று 38 முறை பந்தேந்தி 166 கஜம் ஓடினார். சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைத்திருக்க முடியும்?

வலிமை மட்டும் அன்று, நுட்பமும் அவ்வரிசையில் இருந்தது. அனைவரும் இடப்பக்கம் போவதுபோல் முதலடி வைக்க, அப்பக்கத்துப் பேருருவினர் இருவர் திடீரெனத் திரும்பி வலப்பக்கம் ஓடி முன்னணியில் வழி திறக்கும் உத்தி ஒன்று உண்டு. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியிடம் கண்டு அதனை வாஷிங்டன் கையாண்டது. முந்நூறு பவுண்டு எடையுள்ளவர் அவ்வாறு தடுமாறாமல் திரும்பி ஓட வேண்டுமானால், காலடியை நூறு நூறு முறை பழக வேண்டும். 1983-ஆம் பருவத்தில் வாஷிங்டன் 541 புள்ளிகள் எடுத்தது. அந்நாளில் அது புதிய உச்சம். ஆனால் அப்பருவத்தின் இறுதி ஆட்டத்தில் ரைடர்ஸ் அணியிடம் 9-க்கு 38 எனத் தோற்றது. 1988 ஜனவரியில் மீண்டும் வெற்றி: டென்வரை 42-க்கு 10 எனத் தோற்கடித்தனர். இரண்டாம் கால் பகுதியில் மட்டும் 35 புள்ளிகள்! அன்று 204 கஜம் ஓடிய டிம்மி ஸ்மித் அப்பருவத்தில் புதிதாய் வந்தவர்.

இத்தனை புகழுக்குப் பின் பியூகலுக்குத் தலைமைப் பதவி வந்தது. 1990-இல் ஃபீனிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். நான்கு பருவங்களில் 20 வெற்றி, 44 தோல்வி. பின்னர் ரைடர்ஸ் அணியில் 1997-இல் ஒரே பருவம். 4 வெற்றி, 12 தோல்வி. அதோடு அவ்வாய்ப்பும் முடிந்தது. நலிந்த அணிகளைக் கொடுத்துவிட்டு அவரைக் குறை கூறுவது நேர்மையன்று எனலாம். ஆயினும் ஐவரைக் கூர்ந்து பார்த்துத் திருத்தும் கண் வேறு. அலுவலகம், ஒப்பந்தம், செய்தியாளர், அணி உரிமையாளர் என நாற்புறமும் திரும்ப வேண்டிய கண் வேறு. நல்ல வகுப்பாசிரியரை வகுப்பிலிருந்து பிரித்து நாற்காலியில் அமர்த்துவதையே உயர்வு என்று எண்ணும் வழக்கம் பள்ளிகளிலும் உண்டு.

பியூகல் இதனால் மனம் ஒடியவில்லை. 1998-இல் சான் டியாகோ அணியில் மீண்டும் முன்வரிசைப் பயிற்றுநரானார். இருமுறை தலைமை வகித்தவர் பழைய இடத்திற்கு இறங்குவதை அவர் இறக்கமாகக் கருதியதாகத் தெரியவில்லை. 2004-இல் கிப்ஸ் ஓய்விலிருந்து வாஷிங்டனுக்குத் திரும்பியபோது, அறுபத்து நான்கு வயதில் பியூகலும் உடன் வந்தார். கிப்ஸ் விலகிய பின்னரும் இரு பருவங்கள் இருந்து, 2010 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் கிரிம் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பன்றிகள் எனப்பட்டவர்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. 2020 ஜூன் 28-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் பியூகல் காலமானார்.

ஆட்டத்தை விட்ட பின் கிரிம் மேற்கொண்ட தொழிலும் பயிற்சிதான். வாஷிங்டனிலும், பின்னர் 2001 முதல் ஆறு பருவங்கள் பியூகலின் சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கிலும், அவர் முன்வரிசை ஐவரைக் காலடி வைக்கப் பழக்கினார்.